செல்வி மேடையில் ஏலம் கூறிய நாள்

செல்வி பாட்டை மறந்துவிட்டாள்.

நோணாங்குப்பத்தில் ஆற்றையொட்டி ஒரு திடல். மாலை ஆறு மணி இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கிற பழக்கம் எனக்கு. வெயில் இறங்கியும் மேடைப் பலகை உள்ளங்காலைச் சுட்டது. ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடையும், பின்னால் ஓடிய ஜெனரேட்டரின் டீசல் வாடையும் மாறி மாறி வந்தன. எங்கள் 'இடிதாங்கி' இசைக்குழு ஏறிய முதல் பெரிய மேடை அது. நான் பாஸ் கிட்டார். எனக்குப் பின்னால் டிரம்ஸில் ழெரார். அந்தக் கோடியில் லீட் கிட்டாரில் தினேஷ். நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு செல்வி.

இரண்டாவது பாட்டில் அவள் வாயைத் திறக்க வேண்டிய இடம் வந்தது. திறக்கவில்லை. ழெரார் சமாளித்து அதே தாளத்தை இன்னொரு சுற்று அடித்தான். அப்போதும் திறக்கவில்லை. நான் நகர்ந்துபோய் முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். அந்த இரைச்சலில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வினாத்தாளைப் பிரித்ததும் பேயறைந்துபோன பிள்ளையின் முகம்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் கையைத் தூக்கியது. மெட்டல் கச்சேரிக்கு வருகிறவர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கையை உயர்த்துவார்கள். எங்கள் ஆட்களுக்கு அதுதான் வணக்கம், அதுதான் கைதட்டு. செல்வி அப்படியொரு கூட்டத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தூக்கிய கை என்றால் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அவள் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். கை தூக்கினால் விலை கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

முதுகை நிமிர்த்தினாள். இடது கையை இடுப்பில் வைத்தாள். ஏலம் கூற ஆரம்பித்துவிட்டாள்.

குரல் தேடி அலைந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு, இவளை எங்கே பிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "மீன் ஏலத்துக்கும் ஹெவி மெட்டலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று ஆசிரியருக்குக் கடிதம் போடுவீர்கள். போன வாரம் நான் புர்காவோடு கிட்டார் கடைக்குப் போன கதைக்கே கடிதம் வந்ததாம். எழுதுங்கள், எழுதுங்கள். படிக்கிறீர்கள் என்றாவது தெரிகிறதே.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகி, அது சரிப்பட்டு வராமல், அத்தாவின், அதாவது என் அப்பாவின், மைக் செட் கடைக்கே திரும்பி வந்திருந்தேன். பகலில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் அனுப்புகிற வேலை. கடைக்குப் பின்னால் ஒரு கோடவுன். அங்கேதான் எங்கள் ஒத்திகை. அத்தா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"கத்துறதுன்னா கத்துங்க. ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிதுன்னா மட்டும் நான் பொல்லாதவனா ஆயிடுவேன்."

இன்னொரு நிபந்தனை அவர் சொல்லாமலே நாங்கள் வைத்துக்கொண்டது. பக்கத்துத் தெரு பள்ளிவாசலில் பாங்கு சொன்னால், எந்த இடத்தில் இருந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிடுவோம். ழெரார் கிறித்தவன், தினேஷ் இந்து, இரண்டு பேரும் எனக்கு முன்னால் கையை எடுத்துவிடுவார்கள். "நிறுத்தக் கத்துக்கினதே இந்த பாங்காலதான் நூரு. அடிக்கிறதுக்கு எவன் வேணும்னாலும் வருவான்" என்பான் ழெரார்.

மூன்று பேருக்கும் வாசிக்க வந்தது. பாடத்தான் ஆள் இல்லை. மெட்டலில் பாடுவது சினிமாப் பாட்டுப் பாடுவது போல இல்லை. அடிவயிற்றிலிருந்து உறும வேண்டும். ஆனால் தொண்டை கிழியக் கூடாது. ழெரார் வீட்டு மாடியில் ஆள்தேர்வு வைத்தோம். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வந்த பையன்கள் ஒவ்வொருத்தனாகக் கத்த, கீழேயிருந்து அவன் அம்மா "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டபடி மாரில் கை வைத்துக்கொண்டு தண்ணீர்ச் சொம்போடு படியேறி வந்தார். யாரையோ வெட்டுகிறார்கள் என்றே நினைத்துவிட்டார், பாவம். ஒருத்தனும் தேறவில்லை.

அப்புறம் ஒரு காலை, தம்பி பெண்ணுக்குக் காதுகுத்து என்று மொத்தமாக மீன் வாங்க தேங்காய்த்திட்டுக்குப் போனேன். ஐஸ் உடைக்கிற மெஷின் ஒரு பக்கம் அலறுகிறது. நாலு போட்டுகளின் இன்ஜின் ஓடுகிறது. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இத்தனைக்கும் மேலே ஒரு குரல். மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டியது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால் ஒல்லியாக ஒரு பெண், இருபத்து மூன்று இருபத்து நாலு வயது, ஒரு காலைக் கூடை விளிம்பில் வைத்துக்கொண்டு சங்கரா மீனை ஏலம் கூறிக்கொண்டிருக்கிறாள். 

மீன் வாங்கவே மறந்துபோனேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

"மெட்டல்னா இன்னாக்கா?"

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவளே கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, தெனம் வர்ற, மீனும் வாங்கல, வெலையும் கேக்கல. எவனாவது என்னியப் பொண்ணு பாக்க அனுப்பினானா?"

விஷயத்தைச் சொன்னேன். என் ஃபோனிலிருந்து ஒரு பாட்டை அவள் காதில் வைத்தேன். முகத்தைச் சுளித்துக் கேட்டாள்.

"இவரு இன்னாத்துக்கு இப்டி கோவப்படறாரு?"

"கோபம் இல்ல செல்வி. அப்படிப் பாடினா மனசு லேசாயிடும்."

"அதுக்கு எதுக்கு பாட்டு? ரெண்டு கூட கெளுத்திய வித்துட்டுப் போனா மனசு லேசாயிடுமே" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் வந்தாள். ஏலமெல்லாம் முடிந்து, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ வைத்துக்கொண்டு, பதினோரு மணிக்குக் கோடவுன் வாசலில் நின்றாள். 

அன்றைக்கு அவள் முதன்முதலாக மைக்கில் வாயைத் திறந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. தினேஷ் உழவர்கரையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். இரும்பு கடைகிற சத்தத்திலேயே வளர்ந்தவன். அவனே வாசிப்பதை விட்டுவிட்டு, "யக்கா, இன்னா யக்கா இது!" என்று என்னைப் பார்த்தான். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அத்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒரு கோனும் கிழியவில்லை.

ஏழெட்டு மாதம் அவளோடு ஒத்திகை. பாட்டை எழுதிக் கொடுத்தால் அவளுக்கு மனசில் நிற்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்ல வேண்டும். மதியம் அவள் கொண்டுவரும் காரப்பொடி மீன் குழம்பை நாலு பேரும் ஒரே பாத்திரத்தில் சோறு போட்டுப் பிசைந்து தின்போம். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த மாதங்களை எடுத்து வைக்கச் சொன்னால் அந்த ஏழெட்டைத்தான் எடுத்து வைப்பேன். கல்யாண நாளெல்லாம் அந்த வரிசையில் அதற்குப் பின்னால்தான்.

பேரைச் சொல்லக் கூடாது

இப்போது தேங்காய்த்திட்டுப் பெண்கள் ஏலம் கூறுகிற முறையைச் சொன்னால்தான் மேடையில் நடந்தது புரியும். 

போட்டு கரை சேர்ந்து மீனைத் தளத்தில் கொட்டியதும், கூறுகிறவள் முதலில் விலையைச் சொல்ல மாட்டாள். எந்தப் போட்டின் மீனோ அந்தப் போட்டின் பேரை மூன்று தடவை உரக்கக் கூவுவாள். வந்து சேர்ந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் விலை. 

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. போட்டு கடலில் இருக்கும்போது, காலடியில் அதன் மீன் இல்லாதபோது, அந்தப் பேரை ஏலக் குரலில் கூவவே கூடாது. விளையாட்டுக்குக்கூட கூடாது. மீன் இல்லாமல் கூவினால் போட்டே இல்லை என்று கூவினதாகிவிடுமாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஏலம் போடுகிற விளையாட்டு விளையாடினால், பேருக்குப் பதில் "ஓ... ஓ..." என்றுதான் கூவும். செல்வியே எனக்குச் சொன்னது இது. 

அவள் அண்ணன் குமரேசன் ஓட்டும் விசைப்படகின் பேர் அஞ்சலாட்சி. இறந்துபோன அவர்கள் அம்மாவின் பேர். அந்த அம்மாவும் ஏலம் கூறியவர்தான். நோணாங்குப்பத்தில் நாங்கள் மேடையேறிய அன்று அஞ்சலாட்சி கடலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் வர வேண்டும்.

நாலு நிமிடம்

"அஞ்சலாட்சீ..." என்று எடுத்தாள் செல்வி.

அத்தனை மாதம் ஒத்திகையில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. குரல் திடலைத் தாண்டி ஆற்றின் மேல் போனது. படகுத் துறையில் டிக்கெட் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். மூன்று தடவை கூவினாள். மூன்றாவது தடவை முடிந்த கணத்தில் ழெரார் இரண்டு காலாலும் டிரம்ஸை மிதிக்க ஆரம்பித்தான். தினேஷும் கிட்டாரோடு சேர்ந்துகொண்டான். யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் என்ன வாசித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் விலை கூற, கூட்டம் அதைத் திருப்பிக் கூறியது. முன்னால் நின்ற பையன் ஒருத்தன் கையைத் தூக்க, அவனைக் கைநீட்டிக் காட்டி அடுத்த விலைக்குப் போனாள். பின்னால் ஒரு பெண் தூக்க, அவளிடம் தாவினாள். "ஒரு தரம்" என்றாள். "ரெண்டு தரம்" என்றாள். "மூணு தரம்" என்பதைத் திடலே சேர்ந்து கத்தியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றியது.

கீழே இறங்கியதும் செல்வி என்னை இடுப்போடு பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் குண்டு, அவள் ஒல்லி. எப்படித் தூக்கினாளோ. "யக்கா! பாத்தியாக்கா! பாத்தியாக்கா!" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை. டிரம்ஸ் மூட்டைகளோடு ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து வந்தோம். அரியாங்குப்பம் தாண்டும்போது அவள் பேச்சு நின்றுவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். 

"நூரக்கா. நான் பேரச் சொல்லிட்டேன்."

வராத போட்டு

மறுநாள் அஞ்சலாட்சி வரவில்லை. 

ஒரு நாள் முன்னே பின்னே ஆவது சகஜம்தான். ஆனால் அதோடு போன மற்ற போட்டுகள் வந்துவிட்டன. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. செல்வி தளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு முகத்துவாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன இட்லிப் பொட்டலம் அப்படியே இருந்தது.

அதற்குள் யாரோ ஃபோனில் எடுத்த எங்கள் கச்சேரி ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்திருந்தது. துறைமுகத்திலும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் திட்டவில்லை. அதுதான் கொடுமை. அவளைச் சுற்றி ஆளாளுக்கு இரண்டடி தள்ளி நடந்தார்கள். அவள் கூற வேண்டிய ஏலத்தை வேறு பெண்கள் சத்தமில்லாமல் எடுத்துக் கூறினார்கள்.

வெட்கம்கெட்ட ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு நாளும் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கடலைப் பார்த்தாள். நான் கைப்பைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் குதித்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் விடிந்ததும் இன்னொரு போட்டு அஞ்சலாட்சியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கியர் பாக்ஸ் போய்விட்டதாம், வயர்லெஸ் பேட்டரியும் செத்துவிட்டதாம். வேறொன்றும் இல்லை. குமரேசன் தளத்தில் குதித்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இன்னாயா எல்லாரும் எழவு வூட்டாட்டம் நிக்கிறீங்க? பசிக்குது, டீ வாங்கிக் குடுங்கடா எவனாவது" என்றான். செல்வி அவனை முதுகிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அப்புறம் அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

அன்று சாயங்காலம் அவள் கோடவுனுக்கு வந்து, எங்கள் பேர் அச்சடித்த கறுப்பு பனியனை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். "நான் வரலக்கா இனிமே" என்றாள். அவ்வளவுதான்.

ஏறினோம்

நாங்கள் அதற்குப் பிறகுதான் ஏறினோம். கேட்கவே அசிங்கமாக இருக்கிறது இல்லையா? ஆனால் அதுதான் நடந்தது. 

கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. பாட்டைக் கோடவுனில் நாங்களே பதிவு செய்தோம். பனியன் அச்சடித்தது உழவர்கரையில் தினேஷின் கூட்டாளி. பெங்களூரில் கூப்பிட்டார்கள். கொச்சியில் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் கிட்டார்ப் பெட்டிக்கு அரை டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு விழுப்புரம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். செல்வியின் இடத்தில் தினேஷே பாடினான். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பாடினான். அவள் மேடையில் கூறிய ஏலத்தையே ஒரு பாட்டாக்கியிருந்தோம்; அதில் அந்தப் பேர் வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு சும்மா வாசிப்போம்.

பெங்களூரில் அந்த இடம் வந்தது. நாங்கள் வாயை மூடினோம். கூட்டம் மூடவில்லை. "அஞ்சலாட்சி! அஞ்சலாட்சி! அஞ்சலாட்சி!" என்று தமிழ் தெரியாத வாயெல்லாம் சேர்ந்து கத்தியது. எண்ண முடியாத கூட்டம். அந்த அம்மாவை அவர்களுக்குத் தெரியாது, போட்டைத் தெரியாது. காலையில்தான் செல்வியிடம் பேசியிருந்தேன். குமரேசன் கடலில் இருந்தான். என் விரல்கள் கம்பியின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

இறங்கியதும் தினேஷிடம் இனிமேல் அந்தப் பாட்டு வேண்டாம் என்றேன். 

"யக்கா, நமக்குன்னு இருக்கறதே அந்த ஒரு பாட்டு. அத உட்டா நம்மள எவன் கூப்புடுவான்?" 

"அவ அண்ணன் கடல்ல இருக்கான்டா."

"நாமளா பேரச் சொன்னோம்? நம்ம வாய மூடிக்கினுதான இருந்தோம்!" 

வாய்ச்சண்டை முற்றி, அவன் கிட்டாரை எடுத்துக்கொண்டு தனி பஸ்ஸில் ஊருக்கு வந்தான். ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தது ழெரார்தான். வருஷத்தில் இரண்டு மாதம், மீன் குஞ்சு பொரிக்கிற காலத்தில், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலம். எல்லாப் போட்டும் கரையில் கட்டிக் கிடக்கும். "அந்த ரெண்டு மாசம் மட்டும் அந்தப் பாட்ட வாசிப்போம். மீதி பத்து மாசம் தலைகீழா நின்னாலும் கெடையாது" என்றான். மூன்று பேரும் கையில் அடித்துக்கொண்டோம்.

கச்சேரி நடத்துகிறவர்கள் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். டிசம்பரில் கூப்பிட்டுவிட்டு, அந்தப் பாட்டு இல்லை என்றதும் மேடையிலிருந்தே இறக்கிவிட்டார்கள் ஒரு ஊரில். ஆனால் கோடையில் எங்களைக் கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் கிளம்பி வர ஆரம்பித்தார்கள். ஏன் கோடையில் மட்டும் என்று கேட்டவர்களுக்கு நாங்கள் பதில் சொன்னதில்லை. இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

குமரேசன் கடைக்கு வந்தான்

இந்த வருஷத் தடைக்காலத்தில்தான் இது நடந்தது. ஸ்பீக்கர் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குமரேசன் வந்து வாசலில் நின்றான். கையெல்லாம் பெயின்ட்.

"போட்ட மேல ஏத்தி வேல பாக்கறோம்க்கா. பேர சொரண்டிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. 

"அம்மா பேர. சொரண்டிட்டு வேற பேரு எழுதப் போறேன். இனிமே யாரு எங்க கத்துனாலும் என் போட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவள வந்து பாடச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்றா." கைப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான். "வூட்ல தெனம் பாத்திரம் கழுவறப்போ அந்தப் பாட்ட வாய்க்குள்ளயே முணுமுணுக்கறா. கண்கொண்டு பாக்க முடியலக்கா."

அம்மாவின் பேரை அவன் கையாலேயே சுரண்டியிருக்கிறான். அவன் போனதும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோவில் போகும்போதே எந்தப் பாட்டை முதலில் எடுப்பது, எத்தனை நாள் ஒத்திகை என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஆசை வந்தால் அறிவு எங்கே இருக்கிறது?

தடைக்காலத்தில் சின்ன ஃபைபர் போட்டுகள் மட்டும் கரையோரம் போய்வரும். அவற்றின் மீனுக்காகக் காத்துக்கொண்டு, கரையேற்றிய ஒரு படகின் நிழலில் செல்வி உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"பேர மாத்துனா சரியாப் பூடுமாக்கா?"

"அதானே உனக்கு பயம்?"

இல்லை என்று தலையாட்டினாள். மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே பேசினாள்.

"அந்த ரெண்டு நாளு தளத்துல உக்காந்திருந்தேன் இல்ல? பாவம், அண்ணன நெனச்சிக் கெடக்குதுன்னு ஊரே நெனச்சிது. நீயும் அப்டித்தான நெனச்ச? எனக்கு எங்கண்ணன் மொகமே வரலக்கா. கண்ண மூடுனா மேடதான். திரும்ப எப்போ ஏறுவோம், திரும்ப எப்போ ஏறுவோம்னு அதே. அண்ணன் நடுக்கடல்ல கெடக்கறான், எம்மனசு இப்டிப் போவுது. அவன் வந்து குதிச்சான் பாரு, அப்போதான் எனக்கு ஒரு அண்ணன் கீறான்னே ஞாபகம் வந்துச்சி. அதுக்குத்தான் அழுதேன்." விரல் நின்றது. "அவ்ளோ சந்தோஷம் எனக்கு வேணாங்க்கா. அது என்னிய முழுசா எட்துக்கும். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லலாம். சந்தோஷப்படுவது தப்பா என்று கேட்கலாம். ஆனால் பாடிய அவளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் என்னவென்று தெரியும். பக்கத்தில் நின்று கம்பியைத் தட்டிய எனக்கு அதன் வாசனை மட்டும்தான் தெரியும். வா என்று கூப்பிட வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கு அவள் வேண்டும். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை. நான் கூப்பிடவில்லை.

ஃபைபர் போட்டு ஒன்று வந்து ஒதுங்கியது. "செல்வீ!" என்று யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு நாலடி நடந்தவள், திரும்பி வந்தாள்.

"அக்கா. போன வாரம் சென்னையில வாசிச்சீங்களே. எவ்ளோ பேரு வந்தாங்க?"

உள்ளே இடமில்லாமல் கதவைச் சாத்திவிட்டார்கள் அன்றைக்கு. ரோட்டில் நின்று கேட்டார்கள் ஜனங்கள்.

"சுமாராத்தான்" என்றேன். "பாதி நாற்காலி காலி."

என் முகத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"உனக்குப் பொய் சொல்லவே வரலக்கா" என்றாள். "ஆனா நான் எப்போ கேட்டாலும் இதையே சொல்லு."

சரி என்றேன். 

ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அவளிடமிருந்து ஃபோன் வருகிறது. எவ்வளவு பேர் என்று கேட்கிறாள். ஆளே வரவில்லை செல்வி என்கிறேன்.